சாரல் நிற்கட்டும் என்றார் அப்பா

குற்றாலத்துக்கு நான் முதன்முதலாகப் போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தபோது. அந்தப் பயணத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் அதிகமில்லை. அந்தச் சந்தோஷம் அம்மாவுக்குச் சேரவேண்டியது, அதை நான் எடுத்துக்கொண்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மயிலாப்பூரில் எங்கள் வீடு குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. குழாயில் காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். மற்றபடி எல்லாம் கிணறுதான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவை நான் பெரும்பாலும் தண்ணீரோடுதான் பார்த்திருக்கிறேன். இறைப்பாள், தவலையில் ஊற்றுவாள், தவலையை இடுப்பில் ஏற்றுவாள், சமையலறை அண்டாவில் கவிழ்ப்பாள். எல்லாரும் குளித்த பிறகு தனக்கென்று இறைத்துக்கொண்டு கடைசியில் குளிப்பாள். மாசி மகத்துக்குக் கடலுக்குப் போனாலும் அவள் அலைக்குள் இறங்கியதில்லை. பயம். கரையில் நின்று சொம்பில் மொண்டு தலையில் விட்டுக்கொண்டு திரும்பிவிடுவாள்.

அந்த வருஷம் வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காகத் தென்காசியிலிருந்து அம்மாவின் சித்தி பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எனக்கு மாமா முறை. கூடத்தில் உட்கார்ந்து குற்றாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அம்மா அரிவாள்மணையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தலையில எண்ணெயைத் தேய்ச்சுண்டு அருவிக்குக் கீழே போய் நிக்கவேண்டியதுதான் அக்கா. வேறே ஒரு வேலையும் இல்லை. அது பாட்டுக்கு விழும்."

"மொள்ள வேண்டாமோ?"

"என்னத்தை மொள்ளறது? கையைக் கட்டிண்டு நில்லுங்கோ. ஒரு பத்துப் பேர் தவலை தவலையா உங்க தலையில கொட்டற மாதிரி இருக்கும்."

அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கத்தரிக்காயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு தரம் அப்படிக் கையைக் கட்டிண்டு நிக்கணும்" என்றாள். தனக்கு இது வேண்டும் என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சாரல் விழுந்ததும் வந்துடுங்கோ" என்று சொல்லிவிட்டு மாமா ஊருக்குப் போனார்.

அப்பா மறுக்கவில்லை. அருவி ஓரத்திலேயே கோயில் இருப்பதால் தீர்த்த யாத்திரைக் கணக்கில் வந்துவிடும். ஆனால் ஆனி பிறந்து, மாமா சொன்னதை அம்மா நினைவுபடுத்தியபோது அவர் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்.

"உன் தம்பிக்குப் பேசத் தெரியலை. சாரல் அடிக்கறச்சேவா ஊருக்குப் போவா? பெட்டி படுக்கையெல்லாம் நனையறதுக்கா? சாரல் நிக்கட்டும். அப்புறம் ஹாய்யாப் போய்ட்டு வாங்கோ."

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. சென்னைக்காரனுக்குச் சாரல் என்பது ஒரு தொந்தரவின் பெயர். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் காற்றோடு ஜன்னல் வழியாக உள்ளே வந்து பாயையும் புத்தகத்தையும் நனைப்பது சாரல். சாரல் அடிக்கிறது என்று எங்கள் வீட்டில் யாராவது சொன்னால் ஜன்னலைச் சாத்து என்று அர்த்தம். தென்காசிப் பக்கம் அந்தச் சொல் ஒரு பருவத்தின் பெயர் என்பதும், அதற்காகவே ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதும் எங்கள் சந்தில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம்தான் தெரிந்துகொண்டிருந்தேன்.

கல்லூரியில் என் பக்கத்தில் உட்காருபவன் சாந்தோம்காரன். கத்தோலிக்கக் குடும்பம், அவன் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் இருவரும் அடையாற்று முகத்துவாரத்தில் சேற்றில் இறங்கிச் செடி பறித்துக்கொண்டு வருவோம். எங்கள் வகுப்பில் ஒரு நாள் ஒரு விசித்திரமான செடியைப் பற்றிச் சொன்னார்கள். வேர் மண்ணில் இல்லை. அருவி விழும் பாறையிலேயே பாசிபோல ஒட்டிக்கொண்டு, மேலே அத்தனை தண்ணீர் மோதுவதையும் தாங்கிக்கொண்டு கிடக்கும். ஆனால் அது பாசி அல்ல, பூக்கிற செடி. சாரல் பருவம் முடிந்து, அருவி மெலிந்து, பாறை வெளியே தெரியும்போது மட்டும் அவசர அவசரமாகப் பூத்து, விதையைப் பாறையில் ஒட்டவைத்துவிட்டுச் செத்துப்போகும். குற்றாலத்தில் கிடைக்கும் என்றார்கள். அதைப் பார்க்கும் ஆசையில் எங்கள் இருவருக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அப்பா "சாரல் நிக்கட்டும்" என்றபோது, சாரல் நின்றால் அருவியும் நின்றுவிடும் அப்பா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "புரட்டாசியிலே எனக்கு லீவு வரது, நான் அழைச்சுண்டு போறேன்" என்றேன்.

"படிக்கிற பிள்ளை, யோசிச்சுத்தான் சொல்றான்" என்றாள் அம்மா.

நண்பனிடம் சொன்னபோது அவன் குதித்தான்.

"ஷோக்கு. அப்போதான் அது பூத்துக்கினு இருக்கும். ஆனா உங்கம்மாவாண்ட சொல்லிட்டியா? அவங்க பாவம், குளிக்கலாம்னு வராங்க. அங்க தண்ணி நூலாட்டம் கீதுன்னா இன்னா பண்ணுவாங்க?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

எழும்பூரில் சாயங்காலம் ரயில் ஏறினோம். அம்மா, எங்கள் வீட்டிலேயே இருந்த அப்பாவின் அக்காவான என் அத்தை, நான், நண்பன். அத்தைக்கு எங்கே போனாலும் அங்கே என்ன குறை என்று முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும். நண்பன் கிறிஸ்தவன் என்பதால் அவனை எதிர்ப் பலகையின் கோடியில் உட்காரவைத்தாள். அதே சமயம் புளியஞ்சாதத்தை எல்லாரையும்விட அவனுக்கு அதிகமாக வைத்து இலையை எட்ட நின்று நீட்டினாள்.

"உங்காத்துல மீன் இல்லாம சாப்பிட மாட்டேளாமே. இதைச் சாப்பிடுவியோ?"

"மீன் நீந்தி இங்க வந்து சேர்றதுக்குள்ள நான் இத்த முடிச்சுடறேம்மா" என்றான் அவன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அவன் பேசினால் காது கொடுத்தாள்.

அம்மா தூங்கவேயில்லை. மடியில் ஒரு துணிமூட்டை வைத்திருந்தாள். அதில் நல்லெண்ணெய், சீயக்காய்ப் பொடி, அருவிக்கென்றே எடுத்துவைத்த ஒரு கெட்டிப் புடவை. அரிசி களையவும் பூஜைக்கும் பயன்படுத்தும் வெண்கலச் சொம்பை மட்டும் வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். "அங்கே எதுக்கு?" என்றாள்.

நான் அவளுக்கு அருவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். புத்தகத்தில் படித்தது, படத்தில் பார்த்தது, எல்லாம். மேலேயிருந்து விழுகிற தண்ணீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, அங்கே பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது, அந்தப் பள்ளம் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் மனுஷன் கீழே நிற்க முடிகிறது என்றேன். தூரத்திலேயே காதை அடைக்கும் என்றேன். வெயில் வந்தால் நீர்த்தூளில் வானவில் நிற்கும், முதலில் உள்ளே போகும்போது மூச்சு நின்றுவிடும், அப்புறம் சிரிப்பு வரும் என்றேன். அதெல்லாம் அப்போது அங்கே இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்னால் நிறுத்த முடியவில்லை. அவள் கேட்கிற அழகு அப்படி. "மூச்சு நின்னா எப்படிடா சிரிப்பு வரும்?" என்று கேட்டுவிட்டு, தானே கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திருநெல்வேலியில் வண்டி மாறியதும் மலைகள் தெரிய ஆரம்பித்தன. கடலையும் குளத்தையும் மட்டும் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த மலைச் சுவர் எப்படி இருந்தது என்று சொல்ல முடியவில்லை. நானும் நண்பனும் ஒரே ஜன்னலில் தலையை நீட்டினோம். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளக் கடல். அங்கிருந்து மழையைத் தூக்கிக்கொண்டு வருகிற காற்று மலையில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. செங்கோட்டைப் பக்கம் மலை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. அந்த இடைவெளியில் நுழைந்து இந்தப் பக்கம் தெறிக்கிற மிச்சம்தான் சாரல். பாடத்தில் கோடு போட்டுப் படித்ததை அங்கே கண்ணால் பார்த்தோம். "டேய், மலை ஜன்னல் தொறந்து கீதுடா" என்றான் நண்பன்.

தென்காசி ஸ்டேஷனில் மாமா அம்மாவைப் பார்த்ததும், "வாங்கோ அக்கா" என்றார். பிறகு தயங்கினார். "இப்ப வந்தேளே" என்றார். அம்மா அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை மாமாவின் மாட்டுவண்டியில் குற்றாலத்துக்குப் போனோம். அம்மா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டுவிட்டாள். வண்டி நின்றதும் அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். குரங்குகளின் சத்தம்தான் கேட்டது.

பெரிய கறுத்த பாறை. அவ்வளவு உயரப் பாறையை நான் பார்த்ததில்லை. அதன் மேல் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நூல் பாதியிலேயே காற்றில் கலைந்துபோயிற்று.

அத்தைதான் முதலில் பேசினாள். "இதுக்கா ரெண்டு ரயில் ஏறினோம்? அபிஷேகத்தப்போ நம்ம கோயில் கோமுகியில இதைவிட ஜாஸ்தி வருமே."

அம்மா மாமாவைப் பார்த்தாள். "இவ்வளவுதானா?"

"சாரல் போயிடுத்தே அக்கா. சாரல் விழுந்ததும் வாங்கோன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"சாரல் நின்னப்புறம் போலாம்னு இவன் அப்பாதான்..." என்று அம்மா ஆரம்பித்து நிறுத்தினாள்.

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அத்திம்பேர் ஜன்னலைச் சாத்திண்டு அருவியைப் பார்க்கச் சொல்லிட்டாரா! மெட்ராஸ்காராளே!" அத்தையும் சிரித்தாள். அம்மாவும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "உனக்கும் தெரியாதாடா?" என்றாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

இதற்குப் பிறகு நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினால் பொய். ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். நானும் அவனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்துப் பாறை வழியாகத் தொற்றி ஏறினோம். ஏற ஏற ஆச்சரியம். ஈரம் கசிகிற செங்குத்துப் பாறையில் ஏதோ துள்ளியது. பார்த்தால் தலைப்பிரட்டை. தண்ணீருக்குள் அல்ல, வெறும் பாறைமேல், ஈரப் படலத்தில் வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு, கையை நீட்டினால் நீண்ட வாலை அடித்துக் குதித்து ஓடியது. நாங்கள் தலைப்பிரட்டையைக் குளத்தில் மட்டுமே பார்த்தவர்கள். "இதுக்கு நீச்சல் தெரியாதா இன்னா?" என்று நண்பன் அதன் பின்னாலேயே தவழ்ந்தான்.

இன்னும் மேலே பாறையில் வட்ட வட்டமாகக் குழிகள். வழவழவென்று தேய்ந்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் உருண்டைக் கல். வெள்ளம் வரும்போது அந்தக் கல்லைச் சுழற்றிச் சுழற்றி வருஷக்கணக்கில் பாறையைக் குடைகிறது. அந்த மாதிரிக் குடைந்த பெரும்பள்ளம்தான் பொங்குமாங்கடல். எட்டிப் பார்த்தோம். பச்சைத் தண்ணீர் அசையாமல் நின்றது. அருவி முழு வேகத்தில் இருந்தால் இதில் எதையும் நாங்கள் பார்த்திருக்க முடியாது. அருவியின் எலும்பையே பார்க்கிறோம் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு அது கிடைத்தது. தண்ணீர் விட்டு விலகிய பாறையில் காய்ந்த பொருக்கு போலப் படர்ந்திருந்தது. முதலில் தாண்டிப் போய்விட்டோம். குனிந்து மூச்சுப் படும் தூரத்தில் பார்த்தபோதுதான், பொருக்கின் மேல் கடுகளவு பூக்கள், வெளிறிய ரோஜா நிறத்தில், நூற்றுக்கணக்கில். நாங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து உலுக்கிக்கொண்டோம். நண்பன் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டான். நான் பையில் கொண்டுவந்திருந்த உளியால் பாறையில் ஒரு சில்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். யாரிடமாவது காட்டியாக வேண்டும்.

அம்மா அடியில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் நெற்றியில் வழிந்திருந்தது. அவள் பக்கத்திலும் ஒரு குழி, உள்ளே ஓர் உருண்டைக் கல். "பாரேன், ஆட்டுக்கல் மாதிரியே இருக்கு. குழவியும் இருக்கு. யார் அரைச்சா?" என்றாள். அவள் குரலிலும் உற்சாகம் வந்திருந்தது. தண்ணீர் அரைத்தது என்று சொன்னேன். "தண்ணியா?" என்று குழிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"அதை விடும்மா, இதைப் பாரு" என்று சில்லை அவள் உள்ளங்கையில் வைத்தேன். "பூ. தெரியறதா? இவ்வளவு நாளும் அருவிக்கு அடியிலேயே ஒட்டிண்டு இருந்தது. தண்ணி கொட்டற வரைக்கும் பூக்காது. சாரல் நின்னு அருவி வத்தினாத்தான் பூக்கும். ஆனியில வந்திருந்தா இது கிடைச்சிருக்காது. அதுக்காகத்தானே..."

நிறுத்திவிட்டேன். ஆனால் சொல்லியாகிவிட்டது.

அம்மா பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ரொம்பச் சின்னதா இருக்கு" என்றாள். சில்லை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம், "உங்கப்பாவை எல்லாரும் சிரிச்சாளே, நீயும் சேர்ந்து நின்னியே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் நினைவில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எழுந்து, கெட்டிப் புடவையைச் சுற்றிக்கொண்டு, நூலாக விழுந்த தண்ணீருக்குக் கீழே போய் நின்றாள். அவள் நின்ற இடத்தில் அது ஒரு தோளில் மட்டும் விழுந்தது. நகர்ந்து நின்றாள், காற்று அதைத் தள்ளிக்கொண்டு போயிற்று. எண்ணெயும் சீயக்காயும் வைத்த தலை. அலசித்தான் ஆகவேண்டும். கடைசியில் மாமாவின் வண்டியிலிருந்து ஒரு சொம்பை வாங்கிக்கொண்டு, தண்ணீர் தேங்கியிருந்த ஒரு பாறைக் குழியிலிருந்து மொண்டு மொண்டு தலையில் விட்டுக்கொண்டாள். கிணற்றடியில் செய்வதைப் போலவே. நண்பன் முதுகைத் திருப்பிக்கொண்டு, "சொல்லிட்டேன்னு சொன்னியே" என்றான். நான் சில்லைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சென்னைக்குத் திரும்பியதும் அப்பா கேட்டார், "எப்படி இருந்தது?" நான் அம்மாவைப் பார்க்காமல் நின்றேன்.

"அப்பப்பா" என்றாள் அம்மா. "தூரத்திலேயே காதை அடைச்சுடுத்து. பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளம், அதுல பொங்கி வழியறது. உள்ளே போனா முதல்ல மூச்சு நின்னுடறது. அப்புறம் சிரிப்பு வந்துடுத்து."

"பாத்தியா, சாரல் நின்னு போனதுதான் சௌகரியம்" என்றார் அப்பா.

அத்தை வாயைத் திறந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். அத்தை வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் அத்தை வாயை மூடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அக்கம்பக்கத்துப் பெண்களிடமும் அம்மா அதையே சொன்னாள். ரயிலில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், வானவில் உள்பட. அப்பாவை ஊர் சிரிக்காமல் காப்பாற்றினாள். என்னையும் காப்பாற்றினாள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பின்னாளில் எத்தனையோ ஆனி மாதங்களில் குற்றாலம் போய் அருவிக்குக் கீழே நின்றிருக்கிறேன். அம்மா சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. அவள் மறுபடி போகவில்லை. அழைத்துக்கொண்டு போகிறேன் என்று வருஷாவருஷம் சொன்னேன். பரீட்சை, வேலை, கல்யாணம் என்று ஏதோ ஒன்று வந்தது. பிறகு அவள் இல்லை.

பயணம் முடிந்து வந்த அடுத்த மாதமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் கூடத்தில், சில்லிலிருந்து எடுத்துப் பூவை ஒட்டிய தாளை உலர்த்திக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்திருந்தாள். கடல்காற்று திரும்பி மழையை உள்ளே வீசியது.

"டேய், சாரல் அடிக்கறது, ஜன்னலைச் சாத்து" என்று உள்ளேயிருந்து அத்தை கத்தினாள்.

தாளை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். ஜன்னல் கதவில் கை வைத்தேன்.

"இருக்கட்டும்டா" என்றாள் அம்மா.

"நனையறதேம்மா."

"நனையட்டும். தானா விழறது."

நான் கையை எடுத்தேன். அவள் முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். மூக்குத்தியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாய் நனைந்தது, புடவை நனைந்தது. அவள் கை இரண்டையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.